ஆண்ட்ரோமெடாவின் கடந்த காலத்தை அதன் நட்சத்திரங்களை வைத்து எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி: ஹபிள் தொலைநோக்கி ஆண்ட்ரோமெடா கேலக்ஸியில் 20 கோடி நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படமெடுத்திருக்கிறது, அதை வைத்து அந்த கேலக்ஸியின் வரலாற்றையே எழுதுகிறார்கள் என்று படித்தேன். ஒரு புகைப்படம் ஒரு கணத்தைத்தானே காட்டும்? 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்ததை எப்படிச் சொல்கிறார்கள்? இதில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு ஊகம்? அது நம் கேலக்ஸியோடு மோதப்போகிறது என்பதும் இதிலிருந்து வந்த முடிவுதானா?

பதில்:

முதலில் ஒரு குழப்பத்தை ஓரங்கட்டிவிடுகிறேன். ஆண்ட்ரோமெடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஆகவே நாம் பார்ப்பது 25 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்ட்ரோமெடாவை. "அப்படித்தானே கடந்த காலம் தெரிகிறது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஒரு கேலக்ஸியின் ஆயுளில் 25 லட்சம் ஆண்டு ஒரு பொருட்டே அல்ல. அதை "இன்று" என்றே வைத்துக்கொள்ளலாம். ஒளியின் தாமதத்தை வைத்துக் கடந்த காலத்தைப் பார்ப்பது பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் கேலக்ஸிகளுக்கு உதவும் உத்தி. ஆண்ட்ரோமெடாவில் செய்வது வேறு. இன்று அங்கே உயிரோடிருக்கும் நட்சத்திரங்களில் எந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, எப்போது எவ்வளவு நட்சத்திரங்கள் பிறந்தன என்று பின்னோக்கிப் போகிறார்கள். ஓர் ஊரில் ஐம்பது வயதுக்காரர்கள் நிறைய, முப்பது வயதுக்காரர்கள் மிகக் குறைவு என்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் என்னமோ நடந்திருக்கிறது என்று பிறப்புப் பதிவேட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். அதே கணக்குதான் இதுவும்.

சிக்கல், நட்சத்திரத்தின் முகத்தில் வயது எழுதியிருக்காது என்பதில்தான். தனியாக ஒரு நட்சத்திரத்தைக் காட்டி இதன் வயது என்ன என்று கேட்டால், பெரும்பாலும் எந்த வானியலாளரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தைக் காட்டினால் சொல்லலாம். இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கிவிடும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நட்சத்திரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் நிறை. நிறை கூடக் கூட எரிபொருளும் கூடும்தான், ஆனால் எரிக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு கூடிவிடும். சூரியன் மாதிரி ஒன்று ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு தாங்கும். இரண்டு மடங்கு நிறை கொண்டது 100 கோடி ஆண்டை ஒட்டித் தீர்ந்துபோகும். பத்து மடங்கு நிறை கொண்டதற்கு இரண்டு மூன்று கோடி ஆண்டுதான். சூரியனைவிடச் சற்றே சிறியவை பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டையும் தாண்டி எரியும். ஆக, ஒரே நேரத்தில் பிறந்த ஒரு கூட்டத்தில் பெரியவை முதலில் போகும், பிறகு அடுத்த பெரியவை என்று வரிசையாகக் கழன்றுகொண்டே வரும். எந்த நிறைவரை காலியாகியிருக்கிறது என்று பார்த்தால் கூட்டத்தின் வயது கிடைத்துவிடும்.

இதைப் பார்க்க உதவுவது நிறம்-பொலிவு வரைபடம். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் குறைந்தது இரண்டு வடிகட்டிகள் வழியே, நீலப் பக்கம் ஒன்று, சிவப்புப் பக்கம் ஒன்று என்று படமெடுப்பார்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் அதன் நிறம். நிறத்தைக் கிடை அச்சிலும் பொலிவை நெடுக்கு அச்சிலும் வைத்து, நட்சத்திரத்துக்கு ஒரு புள்ளி வீதம் லட்சக்கணக்கான புள்ளிகளைக் குத்தினால் தாள் முழுக்கச் சிதறாது. இடது மேல் மூலையிலிருந்து கீழே இறங்கும் ஒரு பட்டை தெரியும். மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் அவை, முதன்மை வரிசை என்று பெயர். ஹைட்ரஜன் தீர்ந்ததும் நட்சத்திரம் அந்தப் பட்டையை விட்டு வலப்பக்கம் விலகி, ஊதிச் சிவந்து, ராட்சதக் கிளை வழியாக மேலே ஏறும். கிளையின் நடுவாக்கில் ஒரு சின்னக் கொத்து தெரியும். அது ஹீலியத்தை எரிக்கும் கட்டம். ராட்சதக் கிளையில் ஏறி இறங்கியவை அங்கே நீண்ட காலம் தங்குவதால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பட்டை எந்த இடத்தில் முறிந்து வலப்பக்கம் திரும்புகிறதோ, அந்தத் திருப்பம்தான் வயதுமானி. திருப்பம் உயரத்தில் இருந்தால் இளசு, தாழ்ந்திருந்தால் பழசு.

ஒரு கேலக்ஸியில் எல்லாக் காலத்து நட்சத்திரங்களும் கலந்துகிடக்கும். ஆகையால் பல வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரிதான் இருக்கும். அதைப் பிரிக்க, கணினியில் ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு உலோக அளவுக்கும் ஒரு செயற்கை வரைபடம் செய்து வைத்துக்கொள்வார்கள். (வானியலாளர்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே உலோகம்தான், ஆக்சிஜன் உட்பட. வேதியியல் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.) எந்த வயதை எந்த விகிதத்தில் கலந்தால் அளந்த வரைபடத்தோடு பொருந்துகிறது என்று தேடுவார்கள். கிடைக்கும் விகிதங்கள்தான் அந்தப் பகுதியின் பிறப்புப் பதிவேடு.

இதை நம் பால்வழியிலேயே செய்யலாமே என்று தோன்றும். செய்கிறார்கள், ஆனால் நாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே மங்கலா, தள்ளி இருக்கிறதா, நடுவில் தூசு மறைக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் தொலைவை அளக்க வேண்டியிருந்தது இதற்காகத்தான். ஆண்ட்ரோமெடாவில் இந்தத் தலைவலி இல்லை. அதன் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உள்ள இடைவெளி, நமக்கும் அதற்கும் உள்ள தொலைவோடு ஒப்பிட்டால் சில சதவீதம்தான். ஆகவே அங்குள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே தொலைவில் இருப்பதாகவே கொள்ளலாம். ஒன்று மற்றொன்றைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே பிரகாசமானது.

இந்த வசதியை முதலில் சரியாகப் பயன்படுத்தியவர் ஹார்வர்டு வானாய்வகத்தில் இருந்த ஹென்ரியெட்டா லெவிட். பால்வழியின் துணைக் கேலக்ஸியான சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள செஃபீட் என்னும் துடிக்கும் நட்சத்திரங்களை ஒப்பிட்டு, துடிப்பின் காலம் கூடினால் பொலிவும் கூடுகிறது என்று 1912இல் காட்டினார். எல்லாம் ஒரே மேகத்தில், ஒரே தொலைவில் இருந்ததால்தான் அந்த ஒழுங்கு கண்ணில் பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எட்வின் ஹபிள், 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த ஆண்ட்ரோமெடா தகட்டில் ஒரு செஃபீடைக் கண்டுபிடித்தார். நோவா (திடீரென்று பொலிந்து மங்கும் நட்சத்திரம்) என்று முதலில் குறித்ததை அடித்துவிட்டு, மாறும் நட்சத்திரம் என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதிய அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. ஆண்ட்ரோமெடா நம் பால்வழிக்குள் இருக்கும் மேகமல்ல, தனி கேலக்ஸி என்பது அதோடு முடிவானது.

என் கணக்கில், வரலாறு எழுதும் வேலை தொடங்கியது ஹபிளோடு அல்ல, வால்டர் பாடேயோடு. ஜெர்மன் குடிமகனான அவரை, இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கா எதிரி நாட்டவர் பட்டியலில் வைத்திருந்தது. சக வானியலாளர்கள் போர் ஆராய்ச்சிக்குப் போய்விட, மவுண்ட் வில்சன் தொலைநோக்கி பெரும்பாலும் அவர் கைக்கு வந்தது. கீழே லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்கணைத்திருந்தது. அந்த இருட்டில், சிவப்பு ஒளியை உணரும் தகடுகளை வைத்து, அதுவரை வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிந்த ஆண்ட்ரோமெடாவின் மையப் பகுதியைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துவிட்டார். 1944இல் வெளியிட்ட முடிவு இது: சுருள் கைகளில் பிரகாசமானவை நீலம், மையத்தில் பிரகாசமானவை சிவப்பு. ஒரே கேலக்ஸியில் இரண்டு வகைக் குடிகள். இளையவை ஓரிடம், முதியவை ஓரிடம் என்ற புரிதல் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இப்போது நீங்கள் படித்த 20 கோடிக்கு வருகிறேன். அது இரண்டு திட்டங்களின் கூட்டு. முதலாவது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் டால்காண்டன் தலைமையில் 2010 முதல் 2013 வரை நடந்த 'பேட்' (PHAT) என்ற திட்டம். கேலக்ஸி வட்டின் வடகிழக்குப் பாதியில், மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை, புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை ஆறு வடிகட்டிகளில் படமெடுத்தார்கள். ஹபிள் பூமியைச் சுற்றும் சுற்றுகளில் 828 அதற்கே போயின. கிடைத்தது 11.7 கோடி நட்சத்திரங்களின் பட்டியல். இரண்டாவது, அதே பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் வில்லியம்ஸ் தலைமையிலான 'பாஸ்ட்' (PHAST). தென்பாதியில் சுமார் 9 கோடி நட்சத்திரங்களைச் சேர்த்தது. இரண்டையும் ஒட்டி, 250 கோடி பிக்சல் கொண்ட முழுப் படம் 2025 ஜனவரியில் வெளிவந்தது. பத்தாண்டுக்கு மேல் எடுத்த வேலை.

ஏன் இவ்வளவு காலம்? வானத்தில் ஆண்ட்ரோமெடாவின் நீளம் ஆறு முழுநிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் வரும் அளவு. ஹபிளின் கேமரா ஒரு தடவையில் பார்ப்பது நிலவின் ஒரு சிறு துண்டளவுதான். பேட் குழு வட்டை 23 செவ்வகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 18 கட்டமாக்கியது. ஹபிளில் இரண்டு கேமராக்கள் அடுத்தடுத்த வானத்தைப் பார்க்கும். ஆகவே ஒரு கேமரா செவ்வகத்தின் ஒரு பாதியைப் படமெடுக்கும்போதே இன்னொன்று மறுபாதியை எடுக்கும். ஆறு மாதம் கழித்து, சூரியனைப் பொறுத்துத் தொலைநோக்கி தலைகீழாகத் திரும்பியிருக்கும்போது, கேமராக்கள் இடம் மாறி எடுக்கும். ஒரு சுற்றும் வீணாகாமல் போட்ட இந்தத் திட்டத்தைப் படித்தபோது எனக்கு முடிவுகளைவிட இதுதான் அதிகம் பிடித்தது.

20 கோடி பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், ஆண்ட்ரோமெடாவில் இருப்பதாக மதிப்பிடப்படும் ஒரு லட்சம் கோடி நட்சத்திரங்களில் ஐயாயிரத்தில் ஒன்றுதான். சூரியனைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அதன் ஒளியளவு (இந்த எண் கூடக் கூட மங்கல்) 29ஐத் தாண்டிவிடும். இருட்டான இடத்தில் நம் கண்ணுக்கு எட்டுவது 6 வரை; ஐந்து படி இறங்கினால் நூறு மடங்கு மங்கல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு கோடி மடங்குக்கு மேல் வரும். அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் சூரியனைவிடப் பிரகாசமானவை. (ஆண்ட்ரோமெடா மொத்தமாக வெறும் கண்ணுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் மழைமேகம் விலகினால் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே நல்ல உயரத்தில் ஒரு மங்கலான திட்டாக இருக்கும். உத்திரட்டாதியின் வடபக்க நட்சத்திரத்திலிருந்து வடகிழக்காகத் தேட வேண்டும். நகர வெளிச்சத்தில் சத்தியமாகத் தெரியாது, பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள்.)

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், எவ்வளவு அளவீடு, எவ்வளவு ஊகம்.

முதல் எதிரி நெரிசல். அந்தத் தொலைவில் ஒரு வினாடிக் கோணம் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்பது சுமார் 12 ஒளியாண்டு. தரையிலிருந்து எடுத்தால் காற்றின் கலக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ அந்த அளவுக்குப் பூசிக்கொள்ளும். அதற்குள் எத்தனையோ நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரே புள்ளியாகிவிடும். ஹபிள் இதைப் பத்து மடங்கு கூர்மையாக்குகிறது, ஆனாலும் கேலக்ஸியின் மையத்தை நெருங்கும்போது அதுவும் திணறுகிறது. இரண்டு சாதாரண நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு பிரகாசமான நட்சத்திரமாக வேடம் போட்டால், வரைபடத்தில் பொய்யான வயது முளைக்கும்.

இதற்கு அவர்கள் செய்யும் சோதனையைத்தான் நான் இந்தத் துறையின் நேர்மை என்பேன். படத்துக்குள் தாங்களே பொய் நட்சத்திரங்களைத் திணிக்கிறார்கள். எந்த இடம், எவ்வளவு பொலிவு, என்ன நிறம் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு அதே மென்பொருளை ஓட்டி, திணித்ததில் எத்தனை அகப்பட்டது, அகப்பட்டதன் பொலிவும் நிறமும் எவ்வளவு பிசகி வந்தன என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து, அந்தப் பிசகை அப்படியே செயற்கை வரைபடங்களுக்கும் ஏற்றிவிடுகிறார்கள். மையப்பகுதியில் இந்தச் சோதனையே தோற்றுவிட்டதால், வில்லியம்ஸ் குழு தன் ஆய்விலிருந்து அந்த இடத்தையே வெட்டி விலக்கியது. அழகான படத்தில் எல்லோரும் முதலில் பார்க்கும் இடம் அந்த மையம்தான் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது எதிரி தூசு. தூசு ஒளியைக் குறைத்து, மிச்சத்தைச் சிவப்பாக்கும். ஆண்ட்ரோமெடாவில் தூசு ஒரு மெல்லிய தகடாகவும், பழைய ராட்சத நட்சத்திரங்கள் அதன் இருபுறமும் தடிமனாகவும் பரவியிருக்கின்றன. ஆகவே ராட்சதக் கிளை இரண்டாகப் பிளந்து தெரியும். தகட்டுக்கு முன்னால் இருப்பவை தங்கள் நிறத்திலேயே, பின்னால் இருப்பவை சிவந்து. அந்தப் பிளவின் அகலத்தை அளந்து டால்காண்டன் குழு 2015இல் தூசுக்கே ஒரு வரைபடம் போட்டது. சுமார் 80 ஒளியாண்டு நுணுக்கம் கொண்டது. தூசு உமிழும் வெப்பத்தை வைத்து அதுவரை போட்ட கணக்குகள், இருப்பதைவிட இரண்டரை மடங்கு அதிகமாகக் காட்டியிருந்தது அதில் தெரியவந்தது. தொல்லையாக இருந்ததையே அளவுகோலாக்கிவிட்டார்கள்.

மூன்றாவது எதிரிதான் உண்மையில் கெட்டிக்காரன். வயதானாலும் ராட்சத நட்சத்திரம் சிவக்கும், உலோகம் கூடினாலும் சிவக்கும். பழைய, உலோகம் குறைந்த நட்சத்திரமும், இளைய, உலோகம் மிகுந்த நட்சத்திரமும் ராட்சதக் கிளையில் ஒரே இடத்தில் வந்து நிற்கலாம். இதைத் தீர்க்க, மிகப் பழைய கூட்டத்தின் முதன்மை வரிசைத் திருப்பம் வரை கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். அது நெரிசல் குறைந்த வெளிப்பகுதியில், மிக நீண்ட நேரம் படமெடுத்தால் மட்டுமே முடியும். டாம் பிரவுன் குழு 2002–03இல் ஆண்ட்ரோமெடாவின் புறவெளியில் (வட்டைச் சூழ்ந்து நட்சத்திரங்கள் அரிதாகப் பரவிய பகுதி) ஒரே ஓர் இடத்தை மொத்தம் மூன்றரை நாள் ஒளி சேர்த்துப் படமெடுத்தது. நம் பால்வழியின் புறவெளி மாதிரி எல்லாம் 1,100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கிழடுகளாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கணிசமான பங்கு 600 முதல் 800 கோடி ஆண்டு வயதுடையதாகவும், உலோகம் செறிந்ததாகவும் வந்தது. வெளியிலிருந்து ஏதோ வந்து கலந்திருக்கிறது என்பதற்கு வலுவான தடயம் அது.

ஆக, சமீப காலத்தின் கணக்கு உறுதியானது, பின்னால் போகப் போக மங்கும். கடந்த 50 கோடி ஆண்டுக்கு அலெக்ஸியா லூயிஸ் குழு வட்டை சுமார் 9,000 சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் எப்போது எவ்வளவு நட்சத்திரம் பிறந்தது என்று எழுதிவிட்டது. ஆண்ட்ரோமெடாவின் மையத்திலிருந்து 33,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு பெரிய வளையம் உண்டு, நட்சத்திரப் பிறப்பு பெரும்பாலும் அங்கேதான். ஏதோ ஒரு சிறு கேலக்ஸி ஊடுருவிப் போனதில் அலை கிளம்பி வெளியே விரிந்துகொண்டிருக்கும் வளையம் அது என்று ஒரு கருத்து இருந்தது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. குறைந்தது 40 கோடி ஆண்டுகளாக அது அதே இடத்தில்தான் நிற்கிறது. இளம் நட்சத்திரங்களைக் கண்டறிவதில் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்துக்கும் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய அதன் புற ஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகக் குழு ஆண்ட்ரோமெடா முழுவதையும் படமெடுத்திருக்கிறது. ஹபிள் அளவுக்குக் கூர்மை கிடையாது, ஆனால் பார்வைப் பரப்பு அதைவிட எவ்வளவோ பெரியது.

பழைய காலத்துக்கு வில்லியம்ஸ் குழு 2017இல் சொன்னது இது. நட்சத்திரங்களில் பெரும்பகுதி 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டன. பிறகு 400 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு மந்தம். அதன்பின், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பை ஒட்டி, வட்டு முழுக்கத் திடீரென்று ஒரு பிறப்பு அலை. மறுபடி மந்தம். 200 கோடி ஆண்டுக்கு மூத்த நட்சத்திரங்களில் வளையமோ கையோ எந்த வடிவமும் மிஞ்சவில்லை, எல்லாம் கலக்கப்பட்டிருக்கின்றன. எடூர்டு பெர்னார்டு குழு, வட்டின் வெளிப்பகுதிகளில் ஹபிள் ஆழமாக எடுத்திருந்த வேறு படங்களை வைத்து, வேறு கணக்கில் அதே 200 கோடியை ஒட்டிய அலையைக் கண்டது. தனித்தனி வழியில் போய் ஒரே எண்ணில் முட்டியதால்தான் இதை நான் ஊகம் என்று தள்ளமாட்டேன்.

நட்சத்திரங்களின் ஓட்டமும் இதே கதையைச் சொல்கிறது. பேட் பட்டியலில் உள்ளவற்றை ஹவாயின் கெக் தொலைநோக்கியால் அளந்தபோது, இளம் நட்சத்திரங்களின் வேகச் சிதறல் (ஒன்றின் வேகம் மற்றொன்றிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது) வினாடிக்கு 30 கிலோமீட்டர் அளவிலும், பழைய ராட்சத நட்சத்திரங்களுடையது 90 அளவிலும் இருந்தது. சூரியனின் அக்கம்பக்கத்துக் கிழ நட்சத்திரங்கள் இவ்வளவு தறிகெட்டு ஓடுவதில்லை. யாரோ பலமாக உலுக்கியிருக்கிறார்கள்.

உலுக்கியது யார்? அளவீடு முடிந்து வாதம் தொடங்கும் இடம் இதுதான். 2001இல் லா பால்மா தீவிலிருந்த ஐசக் நியூட்டன் தொலைநோக்கியால், ஆண்ட்ரோமெடாவின் தெற்கே நீண்டு தொங்கும் ஒரு பெரிய நட்சத்திர ஓடையைக் கண்டுபிடித்தார்கள். சிதைந்துபோன ஒரு கேலக்ஸியின் மிச்சம் அது. பிறகு ஹவாயிலிருந்து கனடா-பிரான்ஸ் தொலைநோக்கி மையத்திலிருந்து 5 லட்சம் ஒளியாண்டு வரை துழாவி, அங்குமிங்கும் ஓடைகளும் வளைவுகளும் துண்டுகளும் சிதறிக் கிடப்பதைக் காட்டியது. இந்தச் சிதறல்களையும் 200 கோடி ஆண்டு அலையையும் சேர்த்து 2018இல் இரண்டு விளக்கங்கள் வந்தன. பிரான்சுவா ஹாமர் குழு, இருநூறு முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு பெரிய கேலக்ஸிகள் ஒன்றாகிப் பிறந்ததுதான் இன்றைய ஆண்ட்ரோமெடா என்றது. ரிச்சர்ட் டி'சோசா, எரிக் பெல் இருவரும் ஒரு குற்றவாளியையே கைகாட்டினார்கள்: எம் 32. ஆண்ட்ரோமெடா படங்களில் வட்டை ஒட்டி உருண்டையாகத் தெரியும் அந்தச் சின்னத் துணைக் கேலக்ஸி, ஒரு காலத்தில் நம் வட்டாரத்தில் ஆண்ட்ரோமெடா, பால்வழிக்கு அடுத்த மூன்றாவது பெரிய கேலக்ஸியாக இருந்தது, ஆண்ட்ரோமெடா அதைத் தின்றுவிட்டு மையத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது என்கிறார்கள். அண்டை கேலக்ஸியான எம் 33 கிட்ட வந்து போனதால்தான் அந்த அலை என்று சொன்னவர்களும் உண்டு.

எனக்கு எம் 32 விளக்கம் கவர்ச்சியாகவே இருக்கிறது. அவ்வளவு சின்ன உடலில் அவ்வளவு அடர்த்தியும், அவ்வளவு உலோகமும் வேறு எப்படி வந்தது என்பதற்கு அது பதில் தருகிறது. ஆனால் 200 கோடி ஆண்டு அலை என்பது அளவீடு, எம் 32 என்பது வழக்கு. இரண்டையும் ஒரே தொனியில் எழுதும் செய்திகளை நம்ப வேண்டாம். தென்பாதியின் பாஸ்ட் படங்கள் இந்த வழக்கில் முக்கிய சாட்சி. எம் 32 கிடப்பதும் பெரிய ஓடை நீள்வதும் அந்தப் பக்கம்தான், வடபாதியைவிட அது கலைந்துதான் தெரிகிறது. வேகங்களை அளப்பது இன்னொரு சாட்சி. அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள டெசி கருவி ஆண்ட்ரோமெடாவின் உட்புறவெளியில் ஏறத்தாழ 7,500 நட்சத்திரங்களின் வேகத்தை அளந்து 2023இல் வெளியிட்டது. ஒரே விபத்தின் சிதறல்களாகவே அவற்றில் பலவற்றை விளக்கிவிட முடிகிறது.

கடைசியாக மோதல். அது இந்த நட்சத்திரக் கணக்கெடுப்பிலிருந்து வந்ததல்ல. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வினாடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் வருவதை வெஸ்டோ ஸ்லைஃபர் 1912இலேயே நிறமாலையில் அளந்துவிட்டார். சூரியன் பால்வழியைச் சுற்றும் வேகத்தைக் கழித்தால் சுமார் 110 மிஞ்சும். மோதுமா என்பதைத் தீர்மானிப்பது நேர்வேகமல்ல, பக்கவாட்டு வேகம். 2012இல் ஹபிள் அதை அளந்து, அது மிகக் குறைவு, ஏறத்தாழ 400 கோடி ஆண்டில் நேருக்கு நேர் மோதல் என்றார்கள். பாடப்புத்தகங்களிலும் வீடியோக்களிலும் இன்றும் ஓடுவது அந்த முடிவுதான். 2025இல் டில் சவாலா குழு, அளவீட்டுப் பிழைகளையும், எம் 33, பால்வழியின் துணைக் கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகம் இரண்டின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தது. எம் 33 மோதலுக்குச் சாதகம், மெகல்லன் மேகம் பாதகம். அடுத்த 1,000 கோடி ஆண்டில் இரண்டும் இணைவதற்கு ஏறத்தாழ 50 சதவீத வாய்ப்பு என்று வந்தது.